அரை சதவீதப் புரதத்துக்கு என்ன விலை?

2025 செப்டம்பரில் தொடங்கிய நெல் கொள்முதல் பருவத்துக்குத் தமிழக அரசு அறிவித்த விலை சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500 ரூபாய். வித்தியாசம் 45 ரூபாய். தரத்துக்குக் கூடுதல் விலை என்றதும் நம் ஊர் விவசாயிக்கு ஞாபகம் வருவது இந்த மாதிரிக் கணக்குதான். பருவம் தொடங்கும்போதே எண் தெரிந்துவிடும். மழை பெய்தாலும் காய்ந்தாலும் அது மாறாது. கொள்முதல் நிலையத்தில் வாக்குவாதம் வந்தால் ஈரப்பதத்தைப் பற்றித்தான் வரும், 17 சதவீதத்துக்கு மேல் எவ்வளவு என்று.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் கோதுமை போடுகிறவருக்கு இப்படி ஓர் எண்ணை யாரும் முன்கூட்டித் தருவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் விதைத்து, ஆகஸ்டில் அறுத்து, லாரியில் ஏற்றி, எலிவேட்டர் எனப்படும் தானியக் கிடங்குக்குக் கொண்டுபோகிறார். காலையில் போன லாரிக்கு ஒரு விலை. அதே பண்ணையில் வேறொரு வயலில் அறுத்து மத்தியானம் போன லாரிக்கு இன்னொரு விலை. சந்தை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இரண்டு லாரிக்கும் நடுவே இருந்தது புரதத்தில் அரை சதவீத வித்தியாசம், அவ்வளவுதான்.

இந்த விலை எப்படி உருவாகிறது என்பதைக் கோதுமை வயலையே பார்த்திராதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தரத்துக்குக் கிடைக்கும் பிரீமியத்தை, அதாவது கூடுதல் விலையை, நன்றாக விளைவித்ததற்கான பரிசு என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பிவிடும். அந்த வருஷம் அந்தத் தரம் எவ்வளவு அரிதாகக் கிடைக்கிறது என்பதற்கான விலை அது.

விலையின் மூன்று துண்டுகள்

முதல் துண்டு முன்பேரச் சந்தையின் விலை, அதாவது பின்னால் ஒரு தேதியில் கைமாறப்போகும் சரக்குக்கு இன்றே பேசி முடிக்கும் விலை. அமெரிக்கக் கோதுமையில் பல வகைகள் உண்டு. அவற்றில் மூன்றுக்குத் தனித்தனியாக முன்பேரச் சந்தை வளர்ந்தது. பிஸ்கட், கேக் வகையறாவுக்குப் போகும் மென்மையான சிவப்புக் குளிர்காலக் கோதுமைக்குச் சிகாகோ. கான்சாஸ், ஓக்லஹோமா பக்கத்துக் கடினச் சிவப்புக் குளிர்காலக் கோதுமைக்குக் கான்சாஸ் சிட்டி. வடக்கு டகோட்டா, மொன்டானா, மினசோட்டாவில் விளையும் கடினச் சிவப்பு வசந்தகாலக் கோதுமைக்கு மினியாபொலிஸ். இந்த மினியாபொலிஸ் சந்தை 1881இல் தொடங்கியது. ஓர் ஒப்பந்தம் 5,000 புஷல். கோதுமையில் ஒரு புஷல் என்பது 60 பவுண்டு, நம் கணக்கில் 27.2 கிலோ. ஒரு டன்னுக்குச் சுமார் 36.7 புஷல் வரும்.

மூன்று சந்தைகளில் வழக்கமாக மினியாபொலிஸ் விலைதான் உயரே நிற்கும், வடக்கே விளைவதில் புரதம் அதிகம் என்பதால். கான்சாஸ் சிட்டிக்கும் மினியாபொலிஸுக்கும் உள்ள விலை இடைவெளியைப் பார்த்தே இந்த வருஷம் சந்தையில் புரதத்துக்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்று வியாபாரிகள் கணித்துவிடுவார்கள்.

இரண்டாவது துண்டுக்குப் பேசிஸ் என்று பெயர். உள்ளூர் எலிவேட்டர் தரும் விலையிலிருந்து முன்பேர விலையைக் கழித்தால் வருவது. பெரும்பாலும் கழித்தல் குறியோடுதான் இருக்கும். வடக்கு டகோட்டாவின் மேற்கு மூலையிலிருந்து பசிபிக் கரைத் துறைமுகத்துக்கு ரயிலில் அனுப்ப ஆகும் செலவு, எலிவேட்டரின் கூலி, லாபம் எல்லாம் இதற்குள் அடக்கம். அறுவடைச் சமயத்தில் ஊரே லாரியோடு வரிசையில் நின்றால் பேசிஸ் கீழே போகும். துறைமுகத்தில் கப்பல் காத்திருந்து சரக்கு போதவில்லை என்றால் மேலே வரும். மினியாபொலிஸில் விலை ஏறியது என்று செய்தியில் கேட்ட விவசாயி எலிவேட்டரில் போய்ப் பார்த்தால் நேற்றைய விலையே இருக்கும். இடையில் பேசிஸ் இறங்கியிருக்கும்.

மூன்றாவது துண்டுதான் நம் விஷயம்: தரத்துக்கான கூட்டலும் கழித்தலும். எலிவேட்டர் அறிவிக்கும் விலை வழக்கமாக 14 சதவீதப் புரதத்துக்கானது. அதற்கு மேலே போனால் ஒவ்வொரு 0.2 சதவீதத்துக்கும் (இது ஒரு படி) இத்தனை சென்ட் கூட, கீழே போனால் இத்தனை சென்ட் குறைய என்று ஒரு பட்டியல் போடுவார்கள். மொன்டானா பக்கம் கால் கால் சதவீதமாகக் கணக்கிடுவதும் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. மினியாபொலிஸ் விலை 6 டாலர், பேசிஸ் 60 சென்ட் குறைவு, ஆக 14 சதவீதக் கோதுமைக்கு 5.40 டாலர். பட்டியலில் மேலே போனால் படிக்கு 4 சென்ட், கீழே போனால் 8 சென்ட். ஒரு லாரியில் 14.6 சதவீதம் வருகிறது: மூன்று படி மேலே, 12 சென்ட் கூடி 5.52. இன்னொரு லாரியில் 13.2: நான்கு படி கீழே, 32 சென்ட் போய் 5.08. இரண்டுக்கும் 44 சென்ட் வித்தியாசம், டன்னுக்கு 16 டாலர். ஆயிரம் ஏக்கர் போட்டு ஏக்கருக்கு 50 புஷல் எடுப்பவருக்கு இது 22,000 டாலர்.

மேலே போவதற்குக் கொடுப்பது 4, கீழே வந்தால் பிடிப்பது 8. பட்டியல்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். 14 சதவீதம் கேட்ட மாவு மில்லுக்கு 13.2 வந்தால் ரொட்டி எதிர்பார்த்த அளவு எழும்பாது, 14.6 வந்தால் சந்தோஷம்தான், ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு முழு விலை கொடுக்க மில்காரருக்கு அவசியம் இல்லை.

எலிவேட்டரில் எதை அளக்கிறார்கள்

லாரி எடைமேடையில் ஏறியதும் மேலிருந்து ஒரு நீளக் குழாய் தானியத்துக்குள் இறங்கி, பல இடங்களில் மாதிரி எடுக்கும். நெல் மூட்டையில் குத்தூசி போட்டு எடுப்போமே, அதன் பெரிய வடிவம். மாதிரி அலுவலகத்துக்குப் போகிறது. புரதம் அளக்க அகச்சிவப்பொளிக் கருவி, ஒரு நிமிஷம்தான். ஆய்வகத்தில் துல்லியமாக அளக்க வேண்டுமென்றால் தானியத்தில் உள்ள நைட்ரஜனை அளந்து 5.7 ஆல் பெருக்குவார்கள். கோதுமைப் புரதம் என்பது அடிப்படையில் நைட்ரஜன் கணக்கு. யூரியா பேச்சு பின்னால் வரப்போவது இதனால்தான்.

இங்கே புதியவர்கள் வழுக்கும் ஓர் இடம் உண்டு. தானியத்தில் தண்ணீர் கூடினால் புரதத்தின் சதவீதம் குறைந்து தெரியும். அதனால் எந்த ஈரப்பதத்தை அடிப்படையாக வைத்துச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அமெரிக்கா 12 சதவீத ஈரப்பதத்தில் சொல்கிறது, கனடா 13.5இல், ஆஸ்திரேலியா 11இல். அமெரிக்காவில் 14.0 என்று அளந்த அதே கோதுமை கனடாக் கணக்கில் 13.8 ஆகவும் ஆஸ்திரேலியாக் கணக்கில் 14.2 ஆகவும் இருக்கும். நாடு விட்டு நாடு விலையை ஒப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால் இரண்டு படி தவறிவிடும்.

அடுத்தது டெஸ்ட் வெயிட். ஒரு குறிப்பிட்ட கொள்ளளவில் எத்தனை எடை நிற்கிறது என்பது. மணி திரண்டு கனமாக இருந்தால் எடை ஏறும், சுருங்கியிருந்தால் இறங்கும். வசந்தகாலக் கோதுமை முதல் தரத்தில் சேர புஷலுக்கு 58 பவுண்டு வேண்டும், இரண்டாம் தரத்துக்கு 57. சுருங்கிய மணியில் தவிடு அதிகம், மாவு குறைவு. மில்காரர் இந்த எண்ணைப் பார்ப்பது அதற்காகத்தான். அப்புறம் கல், பதர், களை விதை, உடைந்த மணி, பூச்சி அரித்த மணி. இவற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை, எந்த ஊர்க் கொள்முதலிலும் உள்ளதே.

ஆஸ்திரேலியாவில் அளப்பது இதேதான் என்றாலும் விலை போடும் முறை வேறு. அங்கே கோதுமை கிரேடுகளாகப் பிரியும். ஏபிடபிள்யூ என்ற கிரேடுக்குக் குறைந்தது 10.5 சதவீதப் புரதம், அதற்கு மேலே உள்ள எச்2 கிரேடுக்கு 11.5. லாரியில் 11.4 வந்தால் கீழ்க் கிரேடு, 11.5 வந்தால் மேல் கிரேடு. அந்த ஒரு புள்ளிக்காக லாரியை வேறு கொள்முதல் மையத்துக்குத் திருப்புகிறவர்கள் உண்டு, இன்னொரு கருவியில் 11.5 காட்டாதா என்று. கருவிகளுக்குள் சின்ன வேறுபாடு இருப்பது இயல்புதான் என்பதால் அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

புரதம் கூடினால் அபராதம்

இதுவரை படித்தவர் புரதம் என்றாலே பணம் என்று முடிவு கட்டியிருக்கலாம். அப்படியே மேற்கே போய் வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதிக்கு வாருங்கள். அங்கே விளைவது மென்மையான வெள்ளைக் கோதுமை. ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் நாடுகளில் கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் போவது. போர்ட்லாண்ட் துறைமுகத்தில் இதற்கு விலை சொல்லும்போது அதிகபட்சப் புரதம் 10.5 சதவீதம் என்று சொல்வார்கள். அதிகபட்சம்! புரதம் அதற்கு மேல் போனால் விலையில் பிடித்தம். 9 சதவீதத்துக்குள் வேண்டும் என்று கேட்கிற வாங்குபவர் அதற்குத் தனியாகக் கூடுதல் விலை தருவதும் உண்டு.

காரணம் எளிது. கோதுமைப் புரதம் தண்ணீரோடு சேர்ந்து பிசைபடும்போது குளூட்டன் என்ற இழுவைப் பொருள் உருவாகிறது. புரோட்டா மாஸ்டர் மாவை வீசி விரிக்கும்போது கிழியாமல் இருப்பது அதனால்தான். ரொட்டிக்கும் அந்த இழுவை வேண்டும். கேக்குக்கு இழுவை வந்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

ஆக, கோதுமையில் தரம் என்று பொதுவாக ஒன்று கிடையாது. யார் வாங்குகிறார், எதற்கு வாங்குகிறார் என்பதோடு சேர்ந்தால்தான் அது தரம். வறட்சி வந்தால் புரதம் ஏறும் என்பதால் டகோட்டாக்காரருக்கு வறட்சியில் ஓர் ஆறுதலாவது உண்டு. வாஷிங்டன்காரருக்கு அது இரட்டை அடி, விளைச்சலும் போச்சு, புரதம் ஏறி விலையும் போச்சு.

எல்லார் லாரியிலும் 15 இருந்தால்

வறட்சியில் ஏன் புரதம் ஏறுகிறது? செடி மண்ணிலிருந்து எடுக்கும் நைட்ரஜன் ஓர் அளவு. மணியில் மாவுச்சத்து நிறைய நிறைய அந்த நைட்ரஜன் நீர்த்துப்போகிறது. நல்ல மழை, குளிர்ந்த கோடை என்றால் மாவுச்சத்து நிறையும், மகசூல் கூடும், புரதச் சதவீதம் குறையும். வெயிலும் வறட்சியும் என்றால் நேர்மாறு. மகசூலும் புரதமும் இப்படி ஒன்றையொன்று இழுப்பது கோதுமை விவசாயத்தின் அடிப்படைத் தொல்லை. ரகங்களை உருவாக்குகிறவர்களும் இதோடுதான் பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டுகிறார்கள்.

2021 கோடையில் வடக்குச் சமவெளி முழுக்கக் கடும் வறட்சி. வசந்தகாலக் கோதுமையின் மொத்த உற்பத்தி 1988க்குப் பிறகு மிகக் குறைந்த அளவுக்கு விழுந்தது. மினியாபொலிஸ் விலை அந்த இலையுதிர்காலத்தில் 10 டாலரைத் தாண்டியது. சராசரிப் புரதம் 15 சதவீதத்துக்கு மேல். முதல் பார்வைக்கு, இத்தனை புரதம் வைத்திருந்தவர்கள் பிரீமியத்திலும் அள்ளியிருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஊரில் எல்லார் லாரியிலும் 15 இருக்கும்போது 15க்கு யார் கூடுதலாகக் கொடுப்பார்? அந்த மாதிரி வருஷத்தில் மேல் பக்கத்துப் பட்டியல் சுருங்கி ஒன்றுமில்லாமல் போவது சந்தையின் இயல்பு. விலை ஏறியது கோதுமை இல்லாததால், புரதம் இருந்ததால் அல்ல.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மழை நன்றாகப் பெய்து, மகசூல் குவிந்து, ஊரெல்லாம் 12.5, 13 என்று வருகிற வருஷம். அப்போது 14.5 வைத்திருப்பவர் ராஜா. மில்களுக்கு 14 வேண்டும், கையில் இருப்பது 13. இரண்டையும் கலக்க 15 தேடுவார்கள். பட்டியல் இரு பக்கமும் விரியும், மேலே போனால் நல்ல காசு, கீழே போனால் பலத்த அடி. பிரீமியம் அதிகமாக இருக்கிற வருஷம் என்பது பெரும்பாலானவர்களிடம் அந்தத் தரம் இல்லாத வருஷம். அதனால் போன வருஷப் பிரீமியத்தைப் பார்த்து இந்த வருஷம் திட்டம் போடுகிறவர் அநேகமாக ஏமாறுவார்.

கலப்பதைப் பற்றிச் சொன்னேன். எலிவேட்டர் வியாபாரத்தின் உயிர்நாடி அதுதான். 13 சதவீதத்தைப் பிடித்தம் செய்து வாங்கி, 15 சதவீதத்தைக் கொஞ்சம் பிரீமியம் கொடுத்து வாங்கி, சரிபாதி கலந்தால் 14. மேலே சொன்ன பட்டியலில் 13க்குப் பிடித்தது 40 சென்ட், 15க்குக் கொடுத்தது 20 சென்ட். விற்பது முழு 14 விலைக்கு. சராசரியாகப் புஷலுக்கு 10 சென்ட் எலிவேட்டர் கையில். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. தனித்தனியாகச் சேமிக்கத் தொட்டி வேண்டும், ஆள் வேண்டும், 110 பெட்டி ரயிலை நிரப்ப ஒரே தரத்தில் சரக்கு வேண்டும். ஆனால் பண்ணையிலேயே இரண்டு மூன்று தொட்டி வைத்து, வயல் வயலாகப் புரதம் அளந்து பிரித்து வைக்கிற விவசாயி அந்த 10 சென்ட்டில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்ளலாம். பெரிய பண்ணைகளில் இப்போது பலர் செய்வது இதுதான். அறுவடை அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டினால் கலக்கும் லாபத்தை விட்டுக்கொடுத்தாயிற்று.

உரம் போடலாமா

புரதம் நைட்ரஜன் கணக்கு என்றால், நைட்ரஜனைக் கொடுத்துப் புரதத்தை ஏற்றலாமே? ஏற்றலாம். பூ முடிந்த சமயத்தில் ஏக்கருக்கு 30 பவுண்டு நைட்ரஜனைத் திரவ உரமாகத் தண்ணீரில் கலந்து இலைமேல் தெளித்தால் புரதம் அரை சதவீதம் முதல் ஒரு சதவீதம் வரை ஏறும் என்பது வடக்கு டகோட்டாவில் நன்றாகச் சோதித்துப் பார்த்த விஷயம். இலை கொஞ்சம் கருகும். வெயிலில் தெளித்தால் நிறையவே கருகும்.

கட்டுபடியாகுமா என்பது வேறு கேள்வி. பழைய பட்டியலையே எடுத்துக்கொள்வோம். புரதம் 0.6 ஏறுகிறது, அதாவது மூன்று படி. 14க்குக் கீழே இருந்தவருக்குப் புஷலுக்கு 24 சென்ட், 50 புஷலுக்கு 12 டாலர். ஏற்கெனவே 14க்கு மேலே இருந்தவருக்கு அதில் பாதி, 6 டாலர். நைட்ரஜன் பவுண்டு 50 சென்ட் என்று வைத்தாலும் உரத்துக்கே 15 டாலர் ஆகிவிட்டது, தெளிக்கும் கூலி தனி. நட்டம். இதே பட்டியல் படிக்கு 20 சென்ட் என்று விரிந்திருந்தால் 30 டாலர் வரும், நல்ல லாபம். தெளிக்க வேண்டியது ஜூலையில். பட்டியல் எப்படி இருக்கும் என்று தெரிவது ஆகஸ்டில். அந்த ஒரு மாத இடைவெளியில்தான் விவசாயியின் சூதாட்டம் இருக்கிறது. பக்கத்து மாவட்டங்களில் மழை எப்படி, கான்சாஸில் ஜூன் மாதமே தொடங்கிவிட்ட அறுவடையில் புரதம் எவ்வளவு வந்தது என்று விசாரிக்கிறவருக்கு ஓரளவு துப்பு கிடைக்கும். தெற்கே புரதம் குறைவென்றால் வடக்கே அதற்கு மதிப்பு கூடும்.

மழை கெடுக்கும் இரண்டு விதம்

பிரீமியம் சென்ட்டில் வரும். பெரிய பிடித்தங்கள் வேறு இடத்திலிருந்து வரும். அறுவடைக்குக் காத்திருக்கும் கதிரில் மழை விழுந்தால் மணி கதிரிலேயே முளைக்கத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உள்ளே ஆமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்க ஆரம்பித்திருக்கும். இதைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு ஃபாலிங் நம்பர் என்று பெயர். ஏழு கிராம் மாவை 25 மில்லி தண்ணீரில் கலக்கி, சோதனைக் குழாயில் ஊற்றி, கொதிக்கும் நீரில் வைத்துக் கிளறுவார்கள். பிறகு கிளறும் கம்பியை மேலே தூக்கி விட்டுவிட்டால் அது தானாகக் கூழுக்குள் இறங்கும். கிளறும் நேரத்தையும் சேர்த்து மொத்தம் எத்தனை விநாடி என்பதே எண். நல்ல கோதுமைக் கூழ் கெட்டியாக இருந்து கம்பியைத் தாங்கும், 300 விநாடிக்கு மேல் போகும். முளைத்ததின் கூழ் கஞ்சி மாதிரி ஓடும், கம்பி சரசரவென்று இறங்கிவிடும்.

இதில் கலக்கும் வித்தை செல்லுபடியாகாது. 14ஐயும் 12ஐயும் கலந்தால் புரதம் 13 வரும். ஆனால் 400 விநாடிக் கோதுமையையும் 200 விநாடிக் கோதுமையையும் சமமாகக் கலந்தால் 300 வராது, அதற்குக் கீழேதான் வரும். அந்த நொதி கொஞ்சம் இருந்தாலே மொத்தத்தையும் கெடுத்துவிடும். பிடித்தம் கடுமையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

2016இல் வாஷிங்டன், ஐடஹோ மாநிலங்களில் இது பெரிய அளவில் நடந்தது. மழை மட்டுமல்ல, மணி முற்றும் சமயத்தில் வெப்பநிலை திடீரென்று ஏறி இறங்கினாலும் இதே நொதி உருவாகும் என்பதை அங்கே பலர் அப்போதுதான் நேரில் அனுபவித்தார்கள். 300க்குக் கீழே ஒவ்வொரு 25 விநாடிக்கும் புஷலுக்கு 25 சென்ட் என்ற கணக்கில் பிடித்தார்கள். 225 வந்தவருக்கு 75 சென்ட். அந்த இலையுதிர்காலத்தில் கோதுமை விலையே 5 டாலருக்குக் கீழே. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போய்விட்டது, பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத தானியத்துக்கு.

இன்னொன்று பூ விடும் சமயத்து மழை. ஃபுசேரியம் என்ற பூஞ்சை கதிரைத் தாக்கி, வாமிடாக்சின் என்ற நச்சை விட்டுவிட்டுப் போகும். 1993இல் வடக்கு டகோட்டா, மினசோட்டா எல்லையில் உள்ள ரெட் ரிவர் பள்ளத்தாக்கில் இந்த நோய் விவசாயிகளை நொடித்துப் போட்டது. மனிதர் சாப்பிடும் கோதுமைப் பண்டத்தில் இது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க உணவுத் துறையின் அறிவுரை. அதிகம் இருந்தால் கோதுமை மாட்டுத் தீவனத்துக்குத்தான், அந்த விலைக்குத்தான்.

நம் பக்கத்துக் கோதுமை

பஞ்சாபில் இந்தப் பட்டியல் எதுவும் இல்லை. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை 2025-26 பருவத்தில் குவிண்டாலுக்கு 2,425 ரூபாய், அடுத்த பருவத்துக்கு 2,585. ஈரப்பதம் 12 சதவீதம், சுருங்கிய, உடைந்த மணி 6 சதவீதத்துக்குள், கல், மண், குப்பை முக்கால் சதவீதத்துக்குள் என்று ஒரு வரம்பு. வரம்புக்குள் இருந்தால் எல்லாருக்கும் ஒரே விலை. புரதத்தை அளப்பதே இல்லை. 2025இல் மத்தியப் பிரதேசம் 175 ரூபாயும் ராஜஸ்தான் 150 ரூபாயும் போனஸ் கொடுத்தன. அதுவும் தரத்துக்கு அல்ல, எடைக்கு. விளைவு தெரிந்ததே. எடை கூட வரும் ரகத்தையே விவசாயி போடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் பற்றாக்குறைதான் தரத்தின் விலையைத் தீர்மானிக்கிறது என்று சொன்னேனே, அது அரசுக் கொள்முதலிலும் எட்டிப் பார்க்கும். 2022 மார்ச் மாதத்து வெப்ப அலையில் பஞ்சாப், ஹரியானாவில் மணி சுருங்கியது. உக்ரைன் போரால் உலக விலை ஏறி, தனியார் வியாபாரிகள் ஆதரவு விலைக்கு மேல் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அரசுக் கொள்முதல் முந்தைய ஆண்டின் 433 லட்சம் டன்னிலிருந்து 188 லட்சம் டன்னுக்குச் சரிந்தது. மே மாதம் சுருங்கிய மணி வரம்பை 18 சதவீதமாகத் தளர்த்தினார்கள், ஒரு பைசா பிடித்தம் இல்லாமல். அடுத்த ஆண்டு அறுவடைக்கு முன் மழை, ஆலங்கட்டி. மறுபடி 18 சதவீதத் தளர்வு, ஆனால் இந்த முறை பிடித்தத்தோடு. 6 சதவீதத்துக்கு மேல் ஒவ்வொரு 2 சதவீதத்துக்கும் 5.31 ரூபாய், அதிகபட்சம் 31.87. அந்த ஆண்டு ஆதரவு விலை 2,125. அதில் நானூறில் ஒரு பங்கு 5.31. தானியம் கிடைக்காத வருஷத்தில் சுருங்கியதும் நல்ல கோதுமை, ஓரளவு கிடைக்கிற வருஷத்தில் அதற்கு ஒரு சின்ன அபராதம் என்றுதான் எனக்கு இதைப் படிக்கத் தோன்றுகிறது.

தனியார் மண்டிகளில் கதை வேறு. மத்தியப் பிரதேசத்தின் சீஹோர், ஆஷ்டா மண்டிகளில் மில் குவாலிட்டி, லோக்வன், சர்பதி என்று தனித்தனியாக விலை போகும். கரிசல் மண்ணில் கொஞ்சம் தண்ணீரில் விளையும் சர்பதிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சர்பதி என்ற பெயரில் வருபவை சி-306 போன்ற பழைய ரகங்கள். மகசூல் குறைவு, ஆனால் குவிண்டாலுக்குப் பல நூறு ரூபாய், சில சமயம் ஆயிரத்துக்கு மேலும் கூடுதலாகப் போகும். சென்னையில் சப்பாத்தி மாவுப் பாக்கெட்டில் சர்பதி என்று அச்சடித்துக் கூடுதல் விலை போட்டிருப்பது இந்தக் கோதுமையை வைத்துத்தான். அங்கே வியாபாரி பார்ப்பது மணியின் பருமனையும் மினுமினுப்பையும். கை நிறைய அள்ளி, வெளிச்சத்தில் புரட்டி, இரண்டு மணியைக் கடித்துப் பார்த்து விலை சொல்லிவிடுவார். புரதக் கருவி காட்டாத சில விஷயங்கள் அவர் கைக்குத் தெரியும். அவர் கைக்குத் தெரியாதது புரதம்.

நம் நாட்டிலும் புரதத்துக்குத் தனி விலை வைக்க வேண்டும் என்று மில் தரப்பில் கேட்பது நியாயமே. அதில் ஒரு சின்னச் சிக்கல், பிரீமியம் வந்தால் பிடித்தமும் கூடவே வரும். 2016இல் வாஷிங்டன் விவசாயி 225 விநாடிக் கோதுமையில் இழந்தது விலையில் ஆறில் ஒரு பங்கு. 2023இல் மழையில் சிக்கிச் சுருங்கிய மணிக்கு மத்திய அரசு விதித்த பிடித்தம் அதிகபட்சம் ஒன்றரை சதவீதம். ஆயிரம் ஏக்கரும் பயிர்க் காப்பீடும் சொந்தத் தொட்டிகளும் உள்ளவர் முதல் கணக்கைத் தாங்குவார். ஐந்து ஏக்கர்க்காரருக்கு, பிரீமியத்தை மட்டும் தனியார் தரட்டும், அடிவிலை அரசுடையதாகவே இருக்கட்டும் என்ற ஏற்பாடுதான் சரிப்படும் என்பது என் கருத்து. சீஹோரில் ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது: சர்பதி நன்றாக வந்தால் மண்டி ஏலத்துக்குப் போகும், சுமாராக வந்தால் ஆதரவு விலைக்கு அரசுக் கொள்முதலில் எடை போடப்படும்.